சுவர் போனால் போகட்டும்

கலரம்மாவிடம் ஒரு போட்டோவைக் கொடுத்தால், இதில் இருப்பது யார், உங்களுக்கு என்ன உறவு என்றெல்லாம் கேட்கமாட்டாள். "டியூப்லைட்டுக்குக் கீழ நிக்க வெச்சு எடுத்தீங்களா?" என்றுதான் கேட்பாள். கேட்கும்போதே முகத்தைச் சுளிப்பாள். கொடுத்தவருக்குத் திருடி மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் கலர் லேபில் அவளுக்குப் பிரிண்ட் போடும் வேலை. கல்யாணமான மறுவருஷம் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள், பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. திரையில் ஒரு முகம் வரும். மஞ்சள் கூடுதலா, ஒரு தட்டுத் தட்டிக் குறைப்பாள். சிவப்பு போதவில்லையா, ஏற்றுவாள். இருட்டாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சம். அடுத்த முகம். கடைக்கு வரும் படங்களில் பாதி, வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை. அப்பா, அம்மா, மாமனார், கைக்குழந்தை எல்லோரும் கூண்டோடு காமாலை பிடித்தவர்கள்போல் வந்து நிற்பார்கள். அத்தனை பேரையும் ஒரு விரலால் குணப்படுத்தி அனுப்புவாள். உறையைப் பிரித்துப் பார்ப்பவர்கள், "நல்லா வந்திருக்கே" என்பார்கள். யாரால் நல்லா வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு குறை.

அந்தக் குறைக்கு மருந்தாக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்து வாய்த்தது. இரும்புக் கடை மாடியில் ஒரு அறை. கீழேயிருந்து பெயின்ட் வாடை ஏறிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோடு சாய்த்துவைத்த ஒரு தெர்மோகோல் பலகை, குண்டூசி டப்பா. கேமரா வாங்கிவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாத பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடுவார்கள். ஆளுக்கு ஒரு முகத்தைப் படம் எடுத்துவந்து பலகையில் குத்தவேண்டும். கலரம்மா நல்லது கெட்டது சொல்லுவாள். இந்தப் படங்களைச் சனிக்கிழமை லேபில் அவள்தான் பிரிண்ட் போடுவாள். ஆனால் இவற்றில் மட்டும் கை வைக்கமாட்டாள். எடுத்தது எடுத்தபடியே வரவேண்டும். அப்போதுதான் எடுத்தவர் லட்சணம் தெரியும் என்பது அவள் கட்சி.

ஆரம்பத்தில் அவள் நாக்கு கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்ன, நன்றாகவே நீளம். பேக்கரிக்காரர் ஒருவர் தன் ஆறுமாதக் குழந்தையைப் படம் எடுத்து ஆசையாகக் கொண்டுவந்தார். "குழந்தை முகமா இது? வேகாத மாவு மாதிரி இருக்கு. நீங்க அடுப்பைப் பாருங்க, கேமராவை வித்துடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரரும் சிரித்தார். அடுத்த வாரமே கேமராவை விற்றுவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உனக்கென்ன வாயா, பிளேடா? மனுஷன் பெத்த பிள்ளையைக் கொண்டாந்து காட்டியிருக்கான்."

"படம் நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதானே சொல்ல முடியும்?"

"அப்படியா? நாளைக்கு நீ ஒரு ரொட்டி சுட்டு அவன்கிட்ட கொடு. அவன் என்ன சொல்றான்னு நானும் கூட வந்து கேக்குறேன்."

மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளாகவே சட்டம் போட்டுக்கொண்டாள். எந்தப் படமானாலும் முதலில் அதில் உள்ள ஒரு நல்லதைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிடவேண்டும். பிறகு திருத்தவேண்டியது ஒன்றே ஒன்று. பத்துக் குறை இருந்தாலும் ஒன்றுதான். அதுவும், எடுத்தவர் வரும் வாரத்துக்குள் தன் கையாலேயே சரிசெய்யக் கூடியதாக இருக்கவேண்டும். தனக்கு இப்படிக் கடிவாளம் போட்டுக்கொண்டவள், மற்றவர்களுக்கும் ஒன்று போட்டாள். தன் படத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இல்லாவிட்டால், மழை தூறிக்கொண்டிருந்தது, பாப்பா உட்காரவில்லை, கரண்ட் போய்விட்டது என்று ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லியே பொழுது போய்விடும். அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தார்கள். யாராவது வாய் திறந்தால் மற்றவர்கள் கோரஸாக "வாய்ப்பூட்டு!" என்று கத்துவார்கள். நல்ல ஏற்பாடு. கூட்டம் களைகட்டியது. படங்களும் உண்மையிலேயே தேறின.

அப்போதுதான் லிப்ட்காரன் வந்து சேர்ந்தான். அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிப்ட் பழுது பார்க்கும் வேலை. நாற்பது வயதுக்கு வாய் மிகவும் கம்மி. பாதிப் பொழுது இருட்டுக் குழிக்குள் கம்பியோடும் கிரீஸோடும் போகிறவனுக்கு யாரோடு பேச்சு வரும்? கல்யாணம் இரண்டு இடத்தில் பேசிக் கூடிவரவில்லை. வீட்டில் அவனும் அவன் அக்காவும்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அக்கா தன் கல்யாணப் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் சரியா என்று இழுத்துப் பார்த்துப் பாஸ் பண்ணும் வேலைக்குப் போய் அவனை ஆளாக்கினாள். இன்னும் அதே வேலை. இரண்டாம் கையாக வாங்கிய கேமராவுக்கு முன்னால் கேட்டவுடன் உட்கார அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? எனவே ஞாயிறுதோறும் பலகையில் அந்த அக்காதான்.

முதல் படத்தில் வட்ட முகம், உப்பிய கன்னம், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவை முறைக்கும் கண்கள்.

"உங்க அக்கா உங்களை நம்பிப் பாக்குறாங்க. இந்தப் பார்வை காசு கொடுத்தாலும் கிடைக்காது. இது நல்லது" என்றாள் கலரம்மா. "திருத்த வேண்டியது, வெளிச்சம் நேரா மூஞ்சியில அடிக்குது. அதனால மூஞ்சி தட்டு மாதிரி இருக்கு. ஜன்னல் பக்கவாட்டுல இருக்கிற மாதிரி உக்கார வைங்க தம்பி."

அடுத்த வாரம் ஜன்னல் பக்கவாட்டுக்கு வந்தது. பின்னால் கொடியில் துணி தொங்கியது. அதைச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் துணி போய், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது. பிறகு மோவாயைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். சொன்னதை அப்படியே செய்தான். கலரம்மா இத்தனை வருஷத்தில் பார்த்த கைகளில் இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கும் கை இல்லை. அவனுடைய ஜன்னலும் நேரமும் மாறவில்லை. அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை கிடைக்காமல் வெள்ளிக்கிழமை கிடைத்தாலும், அதே காலை வெளிச்சத்தில்தான் எடுப்பான். கம்பெனியில் அவசர வேலை என்றால் அந்த வாரம் படம் இல்லை. அதற்குப் பதில் வேறு யாரையும் எடுக்கமாட்டான்.

மழைக்காலம் முடிந்த பிறகு அவன் கொண்டுவந்த படத்தைப் பார்த்து அறையே எழுந்து நின்றது. கன்னத்தில் நிழல் விழுந்திருந்தது. கன்னத்து எலும்பு மேலே எழும்பி, அதற்குக் கீழே மெதுவாக இருட்டி, கழுத்து வரை ஒரு கோடு. தட்டு மாதிரி இருந்த முகமா இது? கண்கள் பெரிதாகியிருந்தன. ஒரு சோகம் வந்திருந்தது. ஒரு ராணியின் களை வந்திருந்தது.

"பாத்தீங்களா, வெளிச்சத்தைக் கையாளத் தெரிஞ்சுகிட்டார்" என்று கலரம்மா எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "அதே ஆள், அதே ஜன்னல். ஆனா நிழல் எப்படி விழுது பாருங்க, ராணி மாதிரி இருக்காங்க! நல்லது சொல்ல ஆரம்பிச்சா எனக்கு இன்னைக்கு வாய் மூடாது. திருத்தம் ஒண்ணும் இல்லை தம்பி. இந்த வாரம் உங்களுக்கு லீவு."

லிப்ட்காரன் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. அந்த அக்கா மெலிந்துகொண்டிருந்தாள். வயிற்றுக்குள் கணையம் என்று ஒரு உறுப்பு இருப்பதும், அதன் தலைமாட்டில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்ததும் அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டில் அவள் தன் சட்டைகளைத் தானே பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொண்டாள். தையல் அவளுக்குக் கைவந்த வேலை, யாரையும் கேட்கவேண்டியதில்லை. சாப்பாடு பாதியில் நின்றது, வாய்வு என்றாள். உடம்பெல்லாம் அரித்தது, கம்பெனித் துணித் தூசி என்று சோப்பை மாற்றினாள். கூடவே இருப்பவன் கண்ணில் ஒன்றும் படவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன பெரிய வித்தியாசம் தெரிந்துவிடும்? வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டிய ஒரே இடம் அந்தத் தெர்மோகோல் பலகை. அங்கே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த படத்தில்தான் மஞ்சள் வந்தது.

சனிக்கிழமை மெஷினில் ஓடும்போதே கலரம்மா பார்த்தாள். விரல் தானாக மஞ்சள் பொத்தானுக்குப் போனது. ஞாயிறு படமாயிற்றே என்று கையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் பலகையில் அந்தப் படத்துக்கு முறை வந்தபோது அவளுக்கு ஒரு வகையில் சந்தோஷம்கூட. போன தடவை திருத்தமே சொல்லாமல் விட்டது, அவள் தொழிலுக்கே இழுக்காகப் பட்டிருந்தது.

"உட்கார்ந்திருக்கிற விதம் பிரமாதம். கழுத்தும் தோளும் பேசுது. திருத்த வேண்டியது, கலர். மூஞ்சி மஞ்சளடிச்சுக் கிடக்கு. கண்ணோட வெள்ளை வரைக்கும் மஞ்சள். டியூப்லைட் எரிஞ்சுதா? இல்லை, பக்கத்துல ஏதாவது மஞ்சள் துணி காயப் போட்டிருந்தீங்களா?"

லிப்ட்காரன் கையைத் தூக்கினான். எப்போதும் சுவரோரமாக ஒடுங்கி உட்காருகிறவன், அன்றைக்கு நாற்காலியின் நுனிக்கு வந்து, தூக்கிய கையை இறக்காமல், "இல்லைம்மா, அது வந்து..." என்றான்.

"வாய்ப்பூட்டு!" என்று அறை அலறியது. கூட்டத்துக்கு வரும் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஒருவர் விசிலே அடித்துவிட்டார். கலரம்மாவும் சிரித்துக்கொண்டே விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அவன் கையை இறக்கினான்.

எப்படித் திருத்துவது என்று, அவன் போனிலும் ஏற்றிவைத்திருந்த அதே படத்தில் சொல்லிக்கொடுத்தாள். படத்துக்கு அடியில் கலரைக் கூட்டிக் குறைக்கும் இந்தக் கோட்டை இப்படி நகர்த்து, மஞ்சள் இறங்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்து. முகம் எங்கே சரியாக வருகிறதோ அங்கே நிறுத்து. அவன் நகர்த்தினான். அக்காவின் முகம் மெல்லத் தெளிந்து, ஆரோக்கியமான நல்ல மாநிறத்துக்கு வந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரில் மாஸ்டர்தான் கேட்டார்.

"அம்மா, மூஞ்சி சரியாயிடுச்சு. ஆனா சுவர் நீலமா போகுதே? முன்னால வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

"சுவர் போனா போகட்டும்" என்றாள் கலரம்மா. "சுவரையா பாக்க வராங்க? மூஞ்சி சரியா இருந்தா போதும்."

இதை அவள் யோசிக்காமல் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. இத்தனை வருஷம் அவள் செய்த வேலையே அதுதான். சுவர் வெள்ளையாக இருந்து முகம் மட்டும் மஞ்சளாக இருந்தால் குற்றம் வெளிச்சத்தில் இல்லை, முகத்தில்தான் என்பது இப்போது இதைப் படிக்கிற நமக்கெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் நாம் ஒரு நாளைக்கு எத்தனை மஞ்சள் முகங்களைப் பார்க்கிறோம்? பார்க்கிற மஞ்சள் எல்லாம் டியூப்லைட்தான் என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பழக்கம் கண்ணைக் குத்திவிட்டது.

அதன் பிறகு அவன் கொண்டுவந்தவை எல்லாம் திருத்திய படங்கள். வாரத்துக்கு வாரம் கோட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தவேண்டியிருந்தது. நகர்த்தினான். சுவர் நாளுக்கு நாள் நீலமாகிக்கொண்டே போனது. அதுவும் ஒரு அழகாக இருக்கிறதே, விடிகாலை மாதிரி, என்று பேசிக்கொண்டார்கள்.

கூட்டத்தார் பொது நூலகக் கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். நடுச்சுவரில் மாட்டுவதற்கு அக்கா படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கலரம்மா அதை ஆளுயரத்துக்குப் பாதியாகப் பெரிதாக்கி, நாலைந்து தடவை போட்டுப் பார்த்து, தோல் நிறம் மனசுக்கு ஒத்துவந்த பிறகே சட்டம் போடக் கொடுத்தாள். வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் அதே பேச்சு. "ஒரு வார்த்தை திட்டாம ஒரு ஆளை உருவாக்கியிருக்கேன், தெரியுமா?" என்றாள். "ரொட்டி சுட்டவன் தப்பிச்சுகிட்டான், லிப்ட்காரன் மாட்டிகிட்டான்" என்று அவர் சிரித்தார்.

அக்காவை அவள் நேரில் பார்த்தது கண்காட்சியன்றுதான். லிப்ட்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அழைத்து வந்தான். துவைத்துத் தேய்த்த உடுப்பு, கையில் ஒரு சின்னப் பை.

"நீங்கதான் கலரம்மாவா? வாரா வாரம் உங்க பேச்சுதான் எங்க வீட்ல. என் மூஞ்சிக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய கேமரான்னு நான் கேப்பேன். இப்ப பாத்தா, மூஞ்சியையே பெரிசாக்கி மாட்டி வெச்சிருக்கீங்க!"

சொல்லிவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் போய் அதே மாதிரி மோவாயை இறக்கி நின்று காட்டினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கலரம்மாவும் சிரிக்க வாயெடுத்தாள்.

படத்தில் இருந்த முகம் ஒரு நிறம். நின்ற முகம் வேறு நிறம். பிரிண்ட் தப்பாகிவிட்டது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அண்ணாந்து கூடத்து விளக்கைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற டிரில் மாஸ்டரைப் பார்த்தாள், அவர் முகம் சரியாக இருந்தது. லிப்ட்காரன் முகம் சரியாக இருந்தது. தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள், அதுவும் சரி. நூலகச் சுவர் வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் அக்காவின் முகமும் கழுத்தும், சிரிப்பில் விரிந்த கண்களும் மஞ்சள். பக்கத்துச் சட்டத்துக்குள் சுவர் நீலம்.

கலரம்மா அக்காவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்து வந்தாள்.

"உங்களுக்கு... உடம்புக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் அரிப்பு. ஏன்மா?"

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நானும் வரேன்" என்றாள் கலரம்மா.

ஆஸ்பத்திரியில் ஊசி, ரத்தம், ஸ்கேன் என்று இரண்டு மூன்று நாள் அலைந்தார்கள். கடைசியில் டாக்டர், இளவயதுக்காரர், கலரம்மாவை வீட்டுப் பெரியவள் என்று நினைத்து லிப்ட்காரனோடு உள்ளே கூப்பிட்டுவிட்டார். கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். சில மாதம் முன்னால் வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்றார். பிறகு லிப்ட்காரனைப் பார்த்து, கோபமாக இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"இவ்வளவு மஞ்சள் ஒரே நாள்ல வராதே. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

"இல்லை டாக்டர், இவ்வளவு இல்லை. போன வாரம்கூட எடுத்தேன், இதோ" என்று லிப்ட்காரன் போனை எடுத்துக் காட்டினான். "பாருங்க, மஞ்சளே இல்லை."

டாக்டர் பார்த்தார். படத்தில் இருந்தது நல்ல மாநிறத்தில் ஒரு பெண். "ஆமா" என்றார் குழப்பத்தோடு. லிப்ட்காரன் விரலால் ஒரு படம் பின்னால் தள்ளினான். இன்னொரு படம். அப்புறம் ஒன்று. பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் பின்னால் நின்ற கலரம்மாவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. நான்தான் மஞ்சளை அழிக்கச் சொன்னேன் என்று டாக்டரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. யார் வாயையும் பூட்டத் தெரிந்தவளுக்குத் தன் வாயைத் திறக்கத் தெரியவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், வீட்டில் கொஞ்ச நாள் என்று இருந்தாள். கலரம்மா லேப் முடிந்து தினமும் போனாள். கால் பிடித்துவிடுவாள், கஞ்சி வடிகட்டிக் கொடுப்பாள். ஒருநாள் தம்பி மருந்து வாங்கப் போயிருந்தபோது அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? மெலிய ஆரம்பிச்சப்ப எனக்கே தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட போகலாமான்னு யோசிச்சேன். அன்னைக்குத்தான் அவன் ஓடி வந்து, நீ ராணி மாதிரி இருக்கேன்னு கலரம்மா சொன்னாங்கக்கான்னான். என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்லைம்மா. கண்ணாடியில பாத்தேன். நல்லாத்தான் இருந்தேன். போகட்டும், கொஞ்சம் மெலிஞ்சா அழகுதானேன்னு விட்டுட்டேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல நாள் ஒன்றை நினைத்துப் பார்க்கிறவள் மாதிரிதான் சொன்னாள். கலரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க. ஒரே ஒரு வேண்டுதல். அவனுக்கு என்னை விட்டா இந்தக் கேமராதான். நான் போனதும் அதையும் கீழ வெச்சுடுவான். நீங்க சொன்னா கேப்பான். விடாதேன்னு சொல்லுங்க. அவன் மனசு உடையற மாதிரி எதையும் அவன் காதுல போடாதீங்க."

சரி என்றாள். கோடைக்கு முன்னால் அக்கா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கலரம்மா இரும்புக் கடை மாடிக்குப் போகவில்லை. வேலைக்குப் போனாள், ஆனால் வேலை ஓடவில்லை. திரையில் மஞ்சள் முகம் வந்தால் விரல் அந்தரத்தில் நிற்கும். முகத்தைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள், சட்டையைப் பார்ப்பாள், மறுபடி முகத்தைப் பார்ப்பாள். உறையில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, "உங்க வீட்ல நடுவுல நிக்கிறாரே பெரியவர், அவருக்கு உடம்பு நல்லா இருக்கா? கண்ணு மஞ்சளா இருக்கான்னு கொஞ்சம் பகல் வெளிச்சத்துல பாருங்க" என்பாள். ஒருத்தர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா, நல்லது நடந்த வீட்டுப் படத்தைக் கொடுத்தா நீங்க ஆள் சாகப் போறான்னு போன் போடுறீங்களாமே. உங்களுக்கு என்ன ஆச்சு? கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்க."

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதல் தடவையாகக் கிண்டல் பண்ணவில்லை. "அவன்கிட்ட சொல்லிடு" என்றார்.

"சொன்னா அவன் உடைஞ்சுடுவான். அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"சொல்லலைன்னா நீ உடைஞ்சுடுவே. உடைஞ்சுகிட்டுதான் இருக்கே."

அவள் போகவில்லை. அவன்தான் வந்தான். மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. கிரீஸ் கறை படிந்த சட்டையோடு, வேலை நடுவில் வந்தவன்போல் இருந்தான். மெலிந்திருந்தான். கலரம்மா முதலில் அவன் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள்.

"சாப்பிடுறீங்களா தம்பி?"

"சாப்பிடுறேன்மா." பென் டிரைவை நீட்டினான். "வீட்ல மாட்ட அக்கா படம் ஒண்ணு வேணும். பெரிசா."

நூலகத்தில் மாட்டிய படமாக இருக்கும் என்று நினைத்துச் சொருகினாள். திரையில் வந்தது அது இல்லை. மஞ்சள் வந்த அந்த முதல் படம். திருத்தாதது. சுவர் வெள்ளையாக இருந்தது.

"அப்படியே போடுங்கம்மா. கை வைக்க வேண்டாம்."

கலரம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

"தம்பி, நான்தான். இதைப் பாத்தும் நான்தான் கலர் தப்புன்னு சொன்னேன். சுவர் வெள்ளையா இருந்துச்சு, நான் பாக்கலை. நீலமாப் போகுதுன்னு டிரில் மாஸ்டர் சொன்னார், போகட்டும்னேன். மெலிஞ்சதையும் அழகுன்னேன். அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா..."

லிப்ட்காரன் கவுண்டரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கத்துவான், பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான் கையைத் தூக்கினேனே, ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்கு. வாய்ப்பூட்டுன்னு சிரிச்சோம். நீங்க டியூப்லைட் போடலைன்னு சொல்ல வந்தீங்க."

"இல்லைம்மா. அந்தப் படத்தைக் கேமராவுல பாத்ததுமே எனக்குத் திக்குன்னு ஆச்சு. அக்காவுக்கு ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு. அதைத்தான் கேக்க வந்தேன், இது உடம்புக் கோளாறா, கலர்க் கோளாறான்னு." அவன் குரல் மாறவே இல்லை, லிப்ட் எதனால் நின்றது என்று குடியிருப்பவர்களிடம் சொல்லுகிற குரல். "கூட்டம் முடிஞ்சு கீழ வந்து கேட்டிருக்கலாம். நீங்க படிக்கட்டுல என் பக்கத்துலதான் இறங்கினீங்க. நான் கேக்கலை."

"ஏன் தம்பி?"

"அதான் கலர்னு சொல்லிட்டீங்களே. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போய், அக்கா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தாம்மா நல்லா தூங்கினேன்."